மாத்திரையின் மேல் சுமத்தப்படும் மனத்துயரம்

இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை உடலோடு நில்லாமல் மனத்தையும் பாதிக்கிறது, நாளடைவில் மனச்சோர்வை உண்டாக்குகிறது, ஆகவே அதை எவ்வளவு விரைவில் விடமுடியுமோ அவ்வளவு விரைவில் விட்டுவிட வேண்டும் என்னும் கருத்து, அதை உட்கொள்வோரிடையேயும் அவர்களுடைய குடும்பத்தாரிடையேயும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்ததிலிருந்து மனசே சரியில்லை", "அது மூளையை மந்தமாக்கிவிடும்", "ஒருமுறை தொட்டால் விடமுடியாது" என்பன போன்ற பேச்சைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கலாம். ஆரணிப் பட்டு நெசவைச் சார்ந்த வெம்பாக்கம் வட்டாரத்தில் இந்தக் கருத்துக்குக் கூடுதல் வலிமை உண்டு. ஏனெனில், கண்ணும் கையும் காலும் ஒருசேர இயங்க வேண்டிய குழித்தறியில் கவனம் சற்றுக் குறைந்தாலும் சேலையில் பழுது விழும், பழுது விழுந்தால் கூலி குறையும். எனவே சோர்வு தரும் என்று பெயரெடுத்த எந்தப் பொருளையும் நெசவாளர் ஐயத்தோடு நோக்குவது இயல்பே. அந்த ஐயம் இயல்பானது என்பதாலேயே அதிலிருந்து பெறப்படும் முடிவு சரியாகிவிடாது. அந்த முடிவு பெரும்பகுதி தவறானது என்பதையும், அத்தவறு உயிர்களைக் காவுகொள்வது என்பதையும் சான்றுகளைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தவற்றின் விலையை முதலில் அளவிட வேண்டும். 2020ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட, தொற்றாநோய்களின் காரணிகளைக் கணக்கிடும் 'ஸ்டெப்ஸ்' ஆய்வின்படி, வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்களோ 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. நோய் இருப்பதையே அறியாதவர்கள், அறிந்தும் மருந்தைத் தொடங்காதவர்கள், தொடங்கியபின் இடையில் விட்டவர்கள் எனப் பல வகையினர் இந்த இடைவெளிக்குள் அடங்குவர். இவர்களுள் மூன்றாம் வகையினரின் எண்ணிக்கையைப் பெருக்கும் காரணங்களுள் மாத்திரை பற்றிய அச்சமும் ஒன்று. அவ்வச்சம் ஏழை எளியவரை மட்டும் பிடித்திருப்பதன்று. படித்தோரும், சில வேளைகளில் மருத்துவத் துறையினரும்கூட, "இரத்த அழுத்த மருந்துகள் மனச்சோர்வை உண்டாக்குபவை" என்பதை ஐயத்துக்கு இடமில்லாத பாடநூல் உண்மையாகவே கருதி வந்துள்ளனர். எனவே, மறுப்பு தொடங்க வேண்டிய இடம் திண்ணைப் பேச்சன்று. அந்தப் பேச்சுக்கு அறிவியல் மதிப்பை அளித்த வரலாறே ஆகும்.

அந்த வரலாறு இந்தியாவிலிருந்து தொடங்குகிறது. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேர், மனக்கொந்தளிப்பைத் தணிக்கவும் உறக்கம் வரவழைக்கவும் இந்திய மருத்துவ மரபுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1931ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான புதிய இந்திய மருந்தாக அவ்வேரை அறிவித்தனர். 1949ஆம் ஆண்டு பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், தம் நோயாளிகளிடம் அது இரத்த அழுத்தத்தைக் குறைத்ததைப் பிரித்தானிய இதயவியல் இதழில் வெளியிட்டபோது உலகின் கவனம் அதன்பால் திரும்பியது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அவ்வேரின் செயல்படு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ரிசர்பின் என்று பெயரிட்டனர். இரண்டே ஆண்டுகளில் அது அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளிலும் இரத்த அழுத்த மருத்துவத்திலும் ஒருங்கே புழக்கத்துக்கு வந்தது. மனத்தின் மேல் செயல்படும் ஆற்றலும் இரத்தக் குழாயின் மேல் செயல்படும் ஆற்றலும் ஒரே பொருளில் கூடியிருந்தது ரிசர்பினின் தனித்தன்மை. பின்னாளில் அத்தனித்தன்மையே இரத்த அழுத்த மருந்துகள் அனைத்தின் பொதுப்பண்பாகத் தவறாகக் கொள்ளப்பட்டது.

1954ஆம் ஆண்டு வாஷிங்டனைச் சேர்ந்த எட்வர்ட் ஃப்ரைஸ் என்னும் மருத்துவர், ரிசர்பினைப் பெரிய அளவில் நீண்ட காலம் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலருக்கு மனச்சோர்வு ஏற்பட்டதை எடுத்துரைத்தார். அளவு பெரிது, காலம் நீண்டது, ஒப்பிட்டு நோக்கத் தனிக்குழு ஏதுமில்லை என்னும் மூன்று வரையறைகளும் அக்குறிப்பிலேயே அடங்கியிருந்தன. ஆயினும், அதைத் தொடர்ந்து வந்த இதுபோன்ற குறிப்புகள், ரிசர்பின் மனச்சோர்வைத் தருகிறது என்னும் பொதுவிதியாக இறுகின. அதற்கு அடுத்த ஆண்டே, அதாவது 1955இல், லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த டேவிஸ், ஷெப்பர்ட் ஆகியோர் பதற்றமும் மனச்சோர்வும் கொண்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ரிசர்பினும் மறுபகுதியினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்துச் சோதித்தனர். யார் எதை உட்கொள்கிறார் என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும் இத்தகைய ஆய்வே, மருந்தின் விளைவைப் பிற காரணங்களிலிருந்து பிரித்துக் காட்டவல்லது. அதில் ரிசர்பின் உட்கொண்டவர்களே கூடுதலாகத் தேறினர். மனச்சோர்வைத் தரும் என்று பழிக்கப்பட்ட பொருள், முறையான சோதனையில் மனச்சோர்வைத் தணித்திருந்தது. இம்முடிவு வெளியாகியும் பொதுக்கருத்தில் அசைவு ஏற்படவில்லை.

ஏற்படாமைக்குக் காரணம் அக்காலத்து மூளை வேதியியல். ரிசர்பின் மூளையிலுள்ள செரடோனின் இருப்பைக் குறைக்கிறது என்பதை 1955ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சனின் குழு, அது டோபமைனையும் வற்றச் செய்வதைச் சில ஆண்டுகளில் காட்டியது. செரடோனின், டோபமைன் முதலியவை ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள். ரிசர்பின் இவற்றைக் குறைக்கிறது, ரிசர்பின் மனச்சோர்வைத் தருகிறது, ஆகவே இவற்றின் குறைவே மனச்சோர்வு என்னும் வாதம் உருவாகி, 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் வெளியிட்ட கோட்பாட்டில் முழுவடிவம் பெற்றது. அதன்பின் வாதம் தலைகீழாகவும் ஓடத் தொடங்கியது: இவற்றின் குறைவே மனச்சோர்வு எனில், இவற்றைக் குறைக்கும் ரிசர்பின் மனச்சோர்வைத் தந்தே தீரவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஒரு கூற்றுக்கு மற்றொன்று சான்றாக, அதற்கு முதலாவது சான்றாக நின்ற இந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து எவ்விதச் சோதனையும் உள்ளே நுழையவில்லை. 1971இல் குட்வின், பன்னி ஆகியோர் பழைய குறிப்புகளை மறுஆய்வு செய்தபோது, மனச்சோர்வு எனப்பட்டவற்றுள் பல வெறும் மந்தமும் தூக்கக் கலக்கமுமே என்பதும், உண்மையான மனச்சோர்வு பெரும்பாலும் முன்பே அந்நோய்க்கு ஆளானவர்களிடம் தோன்றியதென்பதும் தெளிவாயின. ஒரு குறிப்பு விதியாகி, விதி கோட்பாடாகி, கோட்பாடு மீண்டும் குறிப்புக்கே சான்றான இம்முறைகேடுதான் இன்றைய அச்சத்தின் மூலவேர்.

எட்வர்ட் ஃப்ரைஸின் பிற்காலப் பணி இவ்விடத்தில் தவறாமல் நினைக்கப்பட வேண்டியது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அவர் தலைமையில் நடந்து 1967இல் வெளியான ஆய்வில், கடுமையான இரத்த அழுத்தம் கொண்ட 143 ஆண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு குழுவினருக்கு ரிசர்பினும் அடங்கிய மூன்று மருந்துகளின் கூட்டும், மறு குழுவினருக்குப் போலி மாத்திரையும் தரப்பட்டன. இறப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு முதலிய கடும் விளைவுகள் போலி மாத்திரைக் குழுவில் 27 பேருக்கும், மருந்துக் குழுவில் 2 பேருக்கும் நேர்ந்தன. ரிசர்பின் பற்றி முதலில் எச்சரித்தவரே, உரிய அளவில் அதையும் சேர்த்து உயிர்களைக் காத்தார். தம் எச்சரிக்கையை மருந்தைக் கைவிடுவதற்கான காரணமாக அவர் கொள்ளவில்லை, அளவையும் ஆளையும் அறிந்து கொடுப்பதற்கான அறிவுரையாகவே கொண்டார். 1991இல் முடிவு வெளியான 'ஷெப்' ஆய்வு இதை மேலும் உறுதிப்படுத்தியது. 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரை உட்படுத்திய அந்த ஆய்வில், முதலில் குளோர்தாலிடோனும், அது போதாதவர்களுக்கு அட்டினலாலோ மிகச் சிறிய அளவில் ரிசர்பினோ தரப்பட்டன. பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது. மனநிலையையும் சிந்தனைத் திறனையும் அளந்து பார்த்தபோது, மருந்துக் குழுவினர் போலி மாத்திரைக் குழுவினரைவிடத் தாழ்ந்திருக்கவில்லை.

ரிசர்பின் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. பழியோ பீட்டா தடுப்பான்கள் என்னும் வகைக்கு இடம்பெயர்ந்தது. இதயத்தைத் துரிதப்படுத்தும் நரம்புத் தூண்டலைத் தடுத்து, நாடித்துடிப்பைக் குறைப்பவை இவை. புரோப்ரனலால், அட்டினலால், மெட்டோப்ரலால் ஆகியன இவ்வகையின. 1967ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில், புரோப்ரனலால் மனச்சோர்வைத் தருகிறது என்று ஒரு குறிப்பு வெளியாகி, பல்லாண்டுகள் எடுத்தாளப்பட்டு வந்தது. 2002ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான தொகுப்பாய்வு, 35,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட 15 குலுக்கல் ஆய்வுகளை ஒருங்கே எடுத்து நோக்கி, மனச்சோர்வு அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை என்று கண்டது. உடற்சோர்வு மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குப் பதினெட்டுப் பேர் என்னும் அளவில் கூடியிருந்தது. 2021இல் பெர்லின் ஆய்வாளர்கள் 285 ஆய்வுகளையும் 53,533 நோயாளிகளையும் உள்ளடக்கிய மற்றொரு தொகுப்பாய்வில், பீட்டா தடுப்பான்கள் போலி மாத்திரையைவிட மிகுதியாக மனச்சோர்வை விளைவிக்கவில்லை என்றும், ஆனால் உறக்கக் குலைவும் வழக்கத்துக்கு மாறான கனவுகளும் அவற்றால் ஏற்படக்கூடும் என்றும் முடிவுகட்டினர்.

இவ்விரு தொகுப்பாய்வுகளும் மெய்யான ஓர் அனுபவத்தை மறுக்கவில்லை. அதற்கு உரிய பெயரையே சூட்டுகின்றன. நாடித்துடிப்பு குறைவதால் மிதிபலகையை இடைவிடாது மிதிக்கும் கால்கள் விரைவில் தளர்வது உடற்சோர்வு. தறிக்குழியிலிருந்து சட்டென எழும்போது அழுத்தம் தாழ்ந்து கண் இருள்வது இரத்த ஓட்டத்தின் தடுமாற்றம். கெட்ட கனவால் இரவு உறக்கம் கலைவது உறக்கக் குறை. இம்மூன்றையும், எதிலும் நாட்டமின்மையும் நம்பிக்கையிழப்பும் குற்றவுணர்வும் வாரக்கணக்கில் நீடிப்பதாகிய மனச்சோர்வு நோயோடு ஒன்றாகக் கலந்து, "மாத்திரை மனதைக் கெடுத்துவிட்டது" என்று கூறுவது பிழையான கணிப்பு. முதல் மூன்றும் மருந்தின் அளவை மாற்றினாலோ வேறு மருந்துக்கு மாறினாலோ நீங்கக்கூடியவை. நான்காவது, தனி மருத்துவம் வேண்டுவது. கலந்து பேசும்போது நான்கில் எதற்கும் உரிய தீர்வு கிடைப்பதில்லை.

எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டக்கூடிய வலுவான சான்று 2016ஆம் ஆண்டு கிளாஸ்கோ ஆய்வு. ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த 1,44,066 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த அது, ஆஞ்சியோடென்சின் என்னும் குழாய்ச் சுருக்கியின் வழியை அடைக்கும் எனலாபிரில், லோசார்டான் முதலிய மருந்துகளை உட்கொண்டவர்களைவிட, பீட்டா தடுப்பான்களையும், அம்லோடிபின் முதலிய கால்சியம் தடுப்பான்களையும் உட்கொண்டவர்கள் மனநிலைக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்வது ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. இரு மடங்கு என்னும் சொல் அச்சமூட்டுவதுதான். எனினும், ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அத்தனை பேரிலும் அவ்வாறு சேர்ந்தவர்கள் 299 பேர், அதாவது ஆயிரத்துக்கு இருவர் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். மேலும், பதிவேட்டு ஆய்வில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது குலுக்கலன்று, மருத்துவர். படபடப்பும் பதற்றமும் உள்ளவருக்கு மருத்துவர் பீட்டா தடுப்பானையே விரும்பித் தருவதால், பதற்றத்தோடு வந்தவரின் பின்னாளைய மனநோய் மருந்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. 2020இல் டென்மார்க் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளைக் கொண்டு 41 இரத்த அழுத்த மருந்துகளைத் தனித்தனியே ஆராய்ந்தபோது, அவற்றுள் ஒன்றுகூட மனச்சோர்வின் வாய்ப்பை மிகுதிப்படுத்தவில்லை; மாறாக, அம்லோடிபின், எனலாபிரில், அட்டினலால், புரோப்ரனலால் உள்ளிட்ட ஒன்பது மருந்துகள் குறைந்த வாய்ப்போடு தொடர்புற்றிருந்தன. பதிவேட்டு ஆய்வு என்பதால் இதையும் இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. ஆனால் கிளாஸ்கோவை நம்புவோர் டென்மார்க்கைப் புறக்கணிக்க நியாயமில்லை. பதிவேடுகள் முரண்படுமிடத்தில் குலுக்கல் ஆய்வே நடுவர். 9,361 பேரைக் கொண்ட அமெரிக்க 'ஸ்பிரிண்ட்' ஆய்வில், மேல்நிலை அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவரக் கூடுதல் மருந்து பெற்றவர்களின் மனச்சோர்வு மதிப்பெண், 140க்குக் கீழே வைக்கப்பட்டவர்களின் மதிப்பெண்ணிலிருந்து வேறுபடவில்லை என்று 2017இல் வெளியிடப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், "இவ்வளவு பேரின் அனுபவம் எப்படிப் பொய்யாகும்?" என்னும் வினா எஞ்சும். அனுபவம் பொய்யன்று, காரணம் கற்பிப்பதில்தான் பிழை நேர்கிறது. இத்தாலியில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், அட்டினலால் பெற்ற 96 ஆண்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மருந்தின் பெயரையே அறியாத குழுவில் 3.1 விழுக்காட்டினரும், பெயரை அறிந்தும் பக்கவிளைவை அறியாத குழுவில் 15.6 விழுக்காட்டினரும், ஆண்மைக்குறைவு ஏற்படலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழுவில் 31.2 விழுக்காட்டினரும் அக்குறையைத் தெரிவித்தனர். மூவகையினரும் உட்கொண்டது ஒரே மருந்து; வேறுபட்டது எதிர்பார்ப்பு மட்டுமே. தீங்கை எதிர்நோக்குவதாலேயே தீங்கு தோன்றும் இந்நிலையை மருத்துவர்கள் நோசிபோ விளைவு என்பர். 1978இல் கனடாவின் ஹாமில்டன் நகர உருக்காலைத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வோ இதைவிட ஆழமான ஓர் உண்மையைக் காட்டியது: தமக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதை முதன்முதலாக அறிந்த தொழிலாளர்கள் நோயென்று கூறி வேலைக்கு வராத நாள்கள் 80 விழுக்காடு கூடின, அக்கூடுதல், அவர்களுக்கு மருந்து தொடங்கப்பட்டதா இல்லையா என்பதைச் சார்ந்திருக்கவில்லை. நோயாளி என்று பெயர் சூட்டப்படுவதே ஒருவரைத் தளரச் செய்கிறது. மாத்திரையும் அப்பெயரும் ஒரே நாளில் கைக்கு வந்து சேர்வதால், பெயரால் வந்த தளர்ச்சி மாத்திரையின் மேல் ஏற்றப்படுகிறது.

இவ்வளவு கூறியபின், மருத்துவத் தரப்பில் நிலவும் எதிர்ப்பிழையையும் மறுத்தாக வேண்டும். "மாத்திரைக்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை, பேசாமல் போடுங்கள்" என்னும் விடை அறிவியலுக்குப் பொருந்தாது. ஏனெனில் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு, குறிப்பிட்ட சில நிலைகளில், மனத்தைப் பாதிக்கும் ஆற்றல் உண்டு. கருவுற்ற காலத்து இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மெத்தில்டோபா மனச்சோர்வோடு தொடர்புடையது என்பதால், பிள்ளைப்பேற்றுக்குப் பின் இரண்டு நாள்களுக்குள் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுமாறு பிரித்தானிய வழிகாட்டி நெறி கூறுகிறது. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறுவதோடு கடும் பதற்றமும் தோன்றும். பீட்டா தடுப்பானை ஒரேயடியாக நிறுத்தினாலும் படபடப்பு மீளும். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு முதலிய சிறுநீர்ப்பெருக்கிகள் முதியோரின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, சோர்வையும் மனக்குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கக்கூடும். வீட்டார் அதை வயோதிக மறதி என்றோ மனநோய் என்றோ எண்ணிக் காலம் கடத்துவதுண்டு. இருமுனை மனநோய்க்கு லித்தியம் உட்கொள்பவருக்கு இவ்வகைச் சிறுநீர்ப்பெருக்கியையோ எனலாபிரில், லோசார்டான் போன்றவற்றையோ உரிய கண்காணிப்பின்றித் தொடங்கினால், லித்தியத்தின் அளவு இரத்தத்தில் நஞ்சாகும் எல்லையை எட்டக்கூடும். இவற்றைக் கேட்டறியாத மருத்துவர் கடமை தவறியவரே ஆவார். ஆனால் இப்பட்டியலிலுள்ள ஒவ்வொன்றும் ஒரு மருந்தைப் பற்றியது, ஓர் ஆளைப் பற்றியது, பெரும்பாலும் அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ திருத்தக்கூடியது. பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த இழையை முடிந்து நெசவைத் தொடர்வார்களேயன்றித் தறியைப் பிரித்துப் போடமாட்டார்கள். மருந்து வகைகள் பல இருக்கையில் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக மருத்துவத்தையே கைவிடுவது அத்தகைய செயல்.

கைவிடுவதால் மனம் காக்கப்படுகிறது என்னும் நம்பிக்கையே எல்லாவற்றிலும் பெரிய பிழை. மனம் இயங்குவது மூளையில்; மூளையின் நுண்குழாய்களைச் சிதைப்பவற்றுள் தலையாயது கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம். பக்கவாதத்துக்கு உள்ளானவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் பின்னர் மனச்சோர்வுக்கும் ஆளாகிறார். அறிகுறியில்லாமலே நிகழும் சிறுசிறு அடைப்புகள் நினைவாற்றலையும் தீர்மானிக்கும் திறனையும் மெல்ல மெல்லக் கரைக்கின்றன. மூளை மந்தமாகிவிடும் என்று அஞ்சி மாத்திரையை விடுபவர், மூளையை மந்தமாக்கும் நோய்க்கே வாயில் திறந்துவிடுகிறார். 'ஸ்பிரிண்ட்' ஆய்வின் தொடர்ச்சியாக 2019இல் வெளியான முடிவின்படி, அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடையே, மறதிநோய்க்கு முன்னோடியான சிந்தனைத் திறன் குறைவு 19 விழுக்காடு குறைவாக இருந்தது. வெம்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று சீனக் கிராமங்களிலிருந்து கிடைக்கிறது. 326 கிராமங்களைச் சேர்ந்த 33,995 பேரிடையே, முழுநேர மருத்துவர்கள் அல்லாத கிராமச் சுகாதாரப் பணியாளர்களே எளிய நெறிமுறைப்படி மருந்துகளை வழங்கி, அளவுகளைக் கூட்டிக் குறைத்து, நான்காண்டுகள் கவனித்து வந்தனர். அக்கிராமங்களில் மறதிநோய் 15 விழுக்காடு குறைந்ததாக 2025இல் வெளியிடப்பட்டது. மனத்துக்கு எதிரி என்று சொல்லப்படும் மாத்திரை, முதுமையில் மனத்தின் காவலாக நிற்பதை இச்சான்றுகள் ஐயமற உணர்த்துகின்றன.

மாத்திரையைப் பழிப்பதன் மற்றொரு தீங்கு, உண்மையான துயரங்கள் கண்ணுக்குத் தப்புவது. நெசவாளர் குடும்பங்களின் மனச்சுமைக்குக் காரணங்களைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பட்டுநூலும் ஜரிகையும் விலையேறும்போதெல்லாம் சேலைக்கான கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. கைத்தறிச் சேலையின் சாயலில் விசைத்தறிச் சேலை குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. முகூர்த்த மாதங்களில் இரவும் பகலும் உழைத்தவர், தொழில் மந்தமான மாதங்களில் முன்பணக் கடனை எண்ணி உறக்கமிழக்கிறார். பிள்ளைகள் தறியை விட்டு செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைப் புறநகர் ஆலைகளுக்கும் வேலைக்குப் போய்விட, பெற்றோர் தறியோடு தனித்து நிற்கின்றனர். முதுகுவலியும் கண்பார்வைக் குறைவும் நாற்பது வயதைக் கடந்ததும் தொழிலையே அச்சுறுத்துகின்றன. உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்படும் வயதும், இச்சுமைகள் ஒருங்கே அழுத்தும் வயதும் ஒன்றே. ஒரே காலத்தில் நிகழும் இரண்டில் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளும்போது, கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் குடியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழவேண்டிய கேள்விகள் எழாமலே போகின்றன. மாத்திரையை நிறுத்துவது ஒருவரின் கையில் இருக்கிறது, கூலியை உயர்த்துவது அவர் கையில் இல்லை என்பதே இப்பழியின் கவர்ச்சிக்குக் காரணம். ஆனால் மாத்திரையை நிறுத்தியபின்னும் கூலி அதே கூலியாகவே இருக்கிறது.

மனச்சோர்வும் இரத்த அழுத்தமும் ஒருவரிடமே கூடியிருப்பது அரிதன்று என்பதும், மனம் தளர்ந்தவர் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்வதில்லை என்பதும் அறியப்பட்டவையே. எனவே சரியான வழி, இரண்டையும் ஓரிடத்தில் கவனிப்பது. நீரிழிவும் மனச்சோர்வும் ஒருங்கே கொண்ட 404 பேரை இந்தியாவின் நான்கு மருத்துவ நிலையங்களில் உட்படுத்தி, சென்னை ஆய்வாளர்களும் பங்கேற்று நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இரு நோய்களையும் சேர்த்துக் கவனித்துவந்தால், மனநிலையும் உடல் அளவீடுகளும் ஒருசேர மேம்படுகின்றன என்பதை அது மெய்ப்பித்தது. அதற்கான கட்டமைப்பின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தத்தை அளந்து மாத்திரைகளைக் கையளிக்கின்றனர். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து இருந்தீர்களா என்னும் இரண்டு கேள்விகளையும் அவர்கள் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆம் என்று கூறுபவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும், அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமும் அனுப்பும் ஒழுங்கு வேண்டும். சிறுநீர்ப்பெருக்கி உட்கொள்ளும் முதியோருக்குச் சோடியம் பார்ப்பதும், புதிய மருந்தைத் தொடங்கும் எவரிடமும் முன்பு மனநோய் இருந்ததா, இப்போது வேறென்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மாத்திரை உட்கொள்வோர் செய்ய வேண்டியதும் கடினமானதன்று. மாத்திரை தொடங்கியபின் மனம் மாறியதாகத் தோன்றினால், எந்த மாத்திரை, எந்த நாளிலிருந்து, என்ன மாற்றம் என்பதை மருத்துவரிடம் அப்படியே கூறி, வேறு மருந்து கேட்பது அவர்களுடைய உரிமை. அவ்வாறு கேட்பவரைக் கடிந்து அனுப்புவது மருத்துவமாகாது. துயரம் மிகுந்து வாழவே விருப்பமற்றுப்போகும் நிலையில், நாள் முழுதும் இயங்கும் 14416 என்னும் மத்திய அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழைக்கலாம். எந்நிலையிலும் செய்யக்கூடாதது ஒன்றே: யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது. இரத்த அழுத்த மருந்துகள் பொதுவாக மனச்சோர்வை உண்டாக்குகின்றன என்பதற்குக் குலுக்கல் ஆய்வுகளின் ஆதரவு இல்லை. சில மருந்துகள் சிலருக்கு உண்டாக்கும் இடர்கள் அறியப்பட்டவை, மாற்று உடையவை. கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளைக்குச் செய்யும் தீங்கோ பலவேளைகளில் மீட்க முடியாதது. இம்மூன்றையும் சீர்தூக்கிப் பார்க்கும் எவரும், மனத்தைக் காக்கும் பொருட்டே மாத்திரையைத் தொடர வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தாக வேண்டும்.